கதவு இழுத்தவர்கள்

பெட்டி வந்தது செவ்வாய்க்கிழமை, மழையோடு.
தபால்காரர் கோட்டுக்குள் செருகிக் கொண்டுவந்தார்.
ஆறு வட்டுகள், ஒரு கையேடு.
'வியாழனுக்கு அப்பால் ஒரு விளக்கு',
முழுத் தொடர், புதுப்பிக்கப்பட்டது.
விலையைச் சொன்னால் ஆர்னால்ட் சண்டைக்கு வருவார்.
பரிசு விழுந்தது என்று சொல்லிவைத்தேன்.

ஓல்டமில் நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதம்.
ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு
கணப்பில் ஒரு கம்பியை மட்டும் எரியவிட்டு
உட்கார்ந்தோம்.

என்ன துலக்கம்!
அறுபத்தைந்தில் எங்கள் வாடகைப் பெட்டியில்
வேற்றுக்கிரகம் என்றால் வெறும் கஞ்சி.
அதில் நாலு சாம்பல் நிழல்கள் நீந்தும்.
அந்த ஊர்ப் பனிமூட்டம் என்றே நினைத்திருந்தேன்.
இப்போதுதான் தெரிகிறது
பாறையெல்லாம் கோணிச்சாக்கு,
தளபதியின் நெற்றியில் பவுடர் கரைந்த கோடு,
கட்டுப்பாட்டுப் பலகையில்
வரிசை வரிசையாக முட்டை அட்டை.
'அது நான் ஒட்டினது' என்கிறார் ஆர்னால்ட்.
'அதுவும்.'
'அந்த வட்ட ஜன்னல் லென் செஞ்சது, கோணல், பார்.'
கதையில் பூமி அழிந்துகொண்டிருக்கிறது.
இவர் ஆணி எண்ணுகிறார்.

அங்கே இவர் தச்சர்.
அதோடு, கதவு.
விண்கலத்தின் கதவு 'ஸ்ஸ்' என்று தானே விலகுமே,
அதன் பின்னால் இடப்பக்கம் இவர், வலப்பக்கம் லென்,
ஆளுக்கொரு துணிக்கொடிக் கயிறு.
நாலாவது வாரம் லென் தும்மினார்.
கயிறு நழுவிற்று.
பாதியில் நின்ற கதவைப் பிடித்து இழுக்க
ஒரு கை நீண்டது.
நாடு முழுக்கப் பார்த்தது அந்தக் கையை,
சட்டையை முழங்கைவரை மடித்த கையை,
வியாழனுக்கு அப்பால்.
சம்பளத்தில் அரைக் கிரவுன் பிடித்தார்கள்.
நான் என் அம்மா வீட்டில்
பத்துப் பேர் நடுவில் எழுந்து கத்தினேன்:
'அது எங்க ஆர்னால்ட்!'
அப்போது நிச்சயம்கூட ஆகவில்லை.

நாலாவது அத்தியாயம் இல்லை.
கையேடு மரியாதையாகச் சொல்கிறது:
நாடா அன்றைக்கு விலை அதிகம்,
அழித்துவிட்டு அதன்மேல் வேறெதையோ பதிந்தார்கள்.
குதிரைப் பந்தயமாக இருக்கலாம்.
எந்த ஊரிலோ ஒரு பையன்
பெட்டிக்கு முன் ஒலிவாங்கியைப் பிடித்திருந்ததால்
சத்தம் மட்டும் மிச்சம்.
அதன்மேல் அசையாத புகைப்படங்களை
ஒவ்வொன்றாக நகர்த்துகிறார்கள்.

கதவு வந்தது. புகைப்படத்தில் ஒழுங்காக மூடியிருந்தது.
'ஸ்ஸ்.'
பிறகு தளபதி, 'உள்ளே வாருங்கள்.'
நடுவில் கழுவித் துடைத்த மௌனம்.
'கையைக் காணோம்' என்றார் ஆர்னால்ட்.
அவர் பிஸ்கட் தேநீருக்குள் முறிந்து விழுந்தது.

பட்டியலைத் துழாவினேன்.
ஒலி: புதுப்பித்தது. ஒலி: அசல்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
இரண்டாவதை அழுத்தினேன்.

அடேயப்பா, என்ன இரைச்சல்.
காய்ந்த வாணலியில் மழை.
யார் வீட்டு நாயோ.
கரண்டி ஒன்று விழுகிறது.
அந்தப் பையனின் அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள்,
அவன் போகவில்லை, நல்ல பையன்.
எல்லாவற்றுக்கும் அடியில்
ஒரு தும்மல்.
பிறகு, மூச்சுக்கும் கீழே,
'இழு லென், இழுடா.'

இருபத்துநாலு வயதுக் குரல்.
சிகரெட் இன்னும் அரிக்காத குரல்.
நிபுணர்கள் அதை அழுக்கு என்று துடைத்திருக்கிறார்கள்.
தப்புச் சொல்ல முடியாது.
அழுக்குதான்.

'கேட்டுச்சா?'
'எது?'
அவர் காதுக்கருவி
இரைச்சலைக் கண்டால் படுத்துவிடும் ரகம்.
இன்னொருமுறை ஓடவிட்டேன். இன்னொருமுறை.
'வெளியே மழைதானே' என்கிறார்.

கருவியைக் கழற்றி
அவர் காதருகே குனிந்து
நானே சொன்னேன்:
'இழு லென், இழுடா.'

சிரிக்கவில்லை.
வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.
கயிறு அறுத்த இடத்தில்
அறுபது வருடம் கழித்து என்ன இருக்கும்.
'லென் இருந்தா' என்று தொடங்கி
விட்டுவிட்டார்.

ஐந்தாவது அத்தியாயம் தானாகவே ஓடத் தொடங்கியது,
படம் பளிச்சென்று.
கதவு வழுக்கித் திறக்கிறது.
ஒரு விரல்கூடத் தெரியவில்லை.

'இது நல்லா இழுத்திருக்கோம்' என்றார்.